எதுவரைக்கும், கர்த்தாவே? எபிரேயப் புலம்பல் பாடல்களைப் படிக்க ஓர் அறிமுகம்

எங்கள் பக்கத்துத் துக்க வீடுகளில் 23-ஆம் சங்கீதம் இல்லாமல் இருக்காது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தால் போதும், பைபிளைத் திறக்காமலே திண்ணையில் இருப்பவர்கள் வரை சேர்ந்து சொல்லி முடித்துவிடுவார்கள். 88-ஆம் சங்கீதத்தை யாரும் துக்க வீட்டில் வாசித்து நான் கேட்டதில்லை. வாசிக்க ஆரம்பித்தாலும் பாதியில் பெரியவர் யாராவது "போதும் தம்பி" என்று நிறுத்திவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பாட்டு கடவுளைப் பார்த்து, ஏன் என்னைத் தள்ளிவிட்டீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்கிறது, பதில் வரவில்லை, என் சிநேகிதர்களையும் என்னைவிட்டுத் தூரமாக்கினீர் என்று இன்னொரு குற்றச்சாட்டை வைக்கிறது, அத்தோடு முடிந்துவிடுகிறது. யூதர்களின் வேத மொழியான எபிரேயத்தில், அதாவது மூலத்தில், அதன் கடைசிச் சொல் "இருட்டு". ஆறுதலாக ஒரு அரை வரி? கிடையாது.

இப்படி ஒரு பாட்டை ஒரு சமூகம் தன் வேத புத்தகத்துக்குள் வைத்து, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அழிக்காமல், திருத்தாமல், பின்னால் ஒரு நல்ல வரியை ஒட்டவைக்காமல் பாதுகாத்திருக்கிறது. அது ஏன் என்று எனக்குப் புரிந்த பிறகுதான் சங்கீதப் புத்தகமே எனக்குப் புரிய ஆரம்பித்தது. கஷ்டத்தில் தாக்குப்பிடிப்பது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வாயை மூடியிருப்பது என்றுதான் நம்மில் பலருக்கும் பழக்கம். எபிரேயக் கவிஞர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவர்கள் தாக்குப்பிடித்தது வாயைத் திறந்து. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்லப் பார்க்கிறேன். முன்பின் படிக்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், நீங்கள் கிறிஸ்தவராகவோ யூதராகவோ இருக்க வேண்டும் என்று இல்லை, கடவுள் நம்பிக்கை இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

முதலில் அடிப்படை விஷயங்களை வேகமாகப் பார்த்துவிடுவோம். புராட்டஸ்டன்ட் தமிழ் பைபிளில் "சங்கீதம்", கத்தோலிக்கப் பதிப்பில் "திருப்பாடல்கள்", எபிரேயத்தில் "தெஹிலிம்". தெஹிலிம் என்றால் துதிகள். மொத்தம் 150 பாடல்கள், ஐந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 73 பாடல்களின் தலைப்பில் தாவீது ராஜாவின் பெயர் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே ஆள் ஒரே காலத்தில் எழுதியவை அல்ல, பல நூற்றாண்டுகளில் சேர்ந்த தொகுப்பு. வேடிக்கை என்னவென்றால், "துதிகள்" என்று பெயர் வைத்த புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடும் புலம்பலும்தான். ஹெர்மன் குங்கல் என்ற ஜெர்மன் அறிஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடல்களை வகை பிரித்தபோது, தனிமனிதப் புலம்பலையே புத்தகத்தின் முதுகெலும்பு என்று கருதினார். அப்படியென்றால் புலம்பலுக்கும் துதி என்றே பேர் போட்டிருக்கிறார்கள், கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அடிப்படை விஷயம், இந்தக் கவிதை எப்படி ஓடுகிறது என்பது. நமக்குக் கவிதை என்றால் எதுகை, மோனை, சீர் என்று காதில் விழுகிற விஷயங்கள். எபிரேயத்தில் ஓசை நயம் உண்டுதான், ஆனால் அச்சாணி வேறு: முதல் அடியில் சொன்னதை இரண்டாம் அடி திரும்பப் பிடித்து இன்னும் கொஞ்சம் இறுக்கும். 6-ஆம் சங்கீதத்தில் ஒருவர் சொல்கிறார்: ராத்திரி முழுக்க என் படுக்கையை மிதக்கவிடுகிறேன், என் கண்ணீரால் கட்டிலைக் கரைக்கிறேன். ஒரே அழுகைதான், இரண்டு தடவை. இரண்டாவது தடவையில்தான் அது கண்ணீர் என்றே வெளியே வருகிறது. ராபர்ட் லௌத் என்ற ஆங்கிலேயர் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய சொற்பொழிவுகளை 1753-இல் புத்தகமாகப் போட்டு இந்த அமைப்பை விளக்கிக் காட்டினார். இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. எதுகை மோனையை மொழிபெயர்க்க முடியாது, பொருள் பொருளோடு இணைவதை மொழிபெயர்க்கலாம். அதனால்தான் எபிரேயத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாத நம் பாட்டிமார்கள் தமிழில் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லும்போதும் அந்தக் கவிதையின் நடை பெரும்பாலும் சேதமில்லாமல் இருக்கிறது.

சரி, ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 13-ஆம் சங்கீதம். மொத்தமே ஆறு வசனம், ஆரம்பிப்பவர்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

"எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறது. எபிரேயத்தில் "அட் ஆனா". இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் நான் நெஞ்சுக்குள் துக்கத்தைச் சுமந்துகொண்டிருப்பது, எதுவரைக்கும் என் எதிரி என்மேல் ஏறி நிற்பான். இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதல் இரண்டு கேள்வி கடவுளைப் பற்றி, மூன்றாவது தன்னைப் பற்றி, நான்காவது மற்றவர்களைப் பற்றி. நீர், நான், அவர்கள். கிளவுஸ் வெஸ்டர்மான் என்ற இன்னொரு ஜெர்மன் அறிஞர் புலம்பல் பாடல்களில் இந்த மூன்று முகம் எப்போதும் வரும் என்று காட்டினார். இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக முகாமில் இருந்தவர் அவர். அங்கே கையில் இருந்த சங்கீதத்தை வைத்துத்தான் இந்த ஆராய்ச்சியையே தொடங்கினார் என்பதால், அவர் புலம்பலைப் பற்றிச் சொன்னால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பேன். நம் கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். வேலை போனால் பணம் போவது ஒரு பக்கம், "நான் எதற்கும் லாயக்கில்லையோ" என்று உள்ளுக்குள் அரிப்பது ஒரு பக்கம், கல்யாண வீட்டில் "இப்ப எங்க இருக்கீங்க தம்பி" என்று கேட்பவர்களுக்கு முகம் கொடுப்பது இன்னொரு பக்கம். இதையெல்லாம் ஏற்பாடு செய்தது யார் என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் மேலே. இந்தப் பாட்டு எதையும் விடாமல் எல்லாப் பக்கத்தையும் பேர் சொல்லி அடுக்கிவிடுகிறது.

அப்புறம் வேண்டுதல் வருகிறது. நோக்கிப் பாரும், பதில் சொல்லும், என் கண்ணுக்கு வெளிச்சம் கொடும், இல்லாவிட்டால் செத்துத் தூங்கிவிடுவேன். சாமியிடம் பேசும் மரியாதையில் கறாரான பேச்சு.

அதற்கடுத்த வசனத்தில் திடீரென்று திரும்புகிறது. எபிரேயத்தில் "வ-அனி". "ஆனால் நான்" என்று அர்த்தம், ஆனால் அதைத் தமிழில் ஒரே எழுத்தில் சொல்லிவிடலாம்: "நானோ". நானோ உம்முடைய அன்பை நம்பியிருக்கிறேன், என் இருதயம் மகிழும், பாடுவேன். அந்த "ஓ" தான் முழுப் பாட்டும் திரும்புகிற கீல். இதே கீல் எதிர்ப்பக்கமாகவும் திரும்பும், அதையும் சொல்லிவிட வேண்டும்: 22-ஆம் சங்கீதத்தில் முன்னோர்கள் உம்மை நம்பினார்கள், விடுவித்தீர் என்று சொல்லி முடித்த கையோடு "நானோ ஒரு புழு, மனுஷனல்ல" என்று வரும். சிலுவையில் இயேசு அரமேயத்தில் கத்தியதாகச் சுவிசேஷம் சொல்லும் "ஏலி, ஏலி, லாமா சபக்தானி" அந்தப் பாட்டின் முதல் வரிதான்.

13-இல் ஏன் அந்தத் திருப்பம்? வெளியே எதுவும் மாறியதாகப் பாட்டு சொல்லவில்லை. எதிரி போகவில்லை, நோய் தீரவில்லை. அறிஞர்கள் இதில் நிறைய மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். யோவாகிம் பெக்ரிஹ் என்பவர் 1934-இல் ஒரு விளக்கம் சொன்னார்: புலம்பலுக்கும் திருப்பத்துக்கும் நடுவில் ஆலயத்தில் ஒரு ஆசாரியர் எழுந்து "பயப்படாதே, உன் விண்ணப்பம் கேட்கப்பட்டது" என்று அருள்வாக்கு சொல்லியிருப்பார், அது பாட்டில் எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கும் என்று. இதற்கு அன்னாளின் கதையை உதாரணமாகக் காட்டுவார்கள். குழந்தை இல்லாத அன்னாள் சீலோவில் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது வேண்டுகிறாள், ஆசாரியனான ஏலி முதலில் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டுகிறான், அவள் தன் நிலைமையைச் சொன்னதும் "சமாதானத்தோடே போ" என்கிறான். அவள் போய்ச் சாப்பிட்டாள், அதன்பின் அவள் முகம் துக்கமாய் இருக்கவில்லை என்று பைபிளின் முதலாம் சாமுவேல் புத்தகம் சொல்கிறது. பிள்ளை பிறந்தது பிறகு. முகம் மாறியது முன்பு. அருள்வாக்கு விஷயத்தில் எல்லா அறிஞர்களும் ஒத்துப்போகவில்லை. எனக்கும் அது எல்லாப் பாட்டுக்கும் பொருந்துமா என்று சந்தேகம்தான், ஆனால் அன்னாள் முகம் மாறிய அந்த இடம் மட்டும் எனக்கு ரொம்ப உண்மையாகப் படுகிறது. சொல்லித் தீர்த்தாள், ஒருவர் கேட்டார், பசித்தது.

இனி சில சொற்கள். எபிரேயச் சொற்களை ஒன்றிரண்டு தெரிந்துகொண்டால் இந்தப் பாடல்கள் வேறு மாதிரி திறக்கும். அதிலும் தமிழ்க்காரர்களுக்குச் சில சொற்கள் சட்டென்று பிடிபடும்.

துன்பத்துக்கு எபிரேயத்தில் "ட்ஸார்", "ட்ஸாரா". அதன் அடிப்படை அர்த்தம் இடுக்கு, குறுகல். விளக்கமே வேண்டாம், நம்மிடம் "நெருக்கடி" இருக்கிறது. அதற்கு எதிர்ச்சொல்லாக இந்தப் பாடல்களில் வருவது "மெர்ஹாவ்", அகன்ற வெளி. 118-ஆம் சங்கீதத்தைத் தமிழ் பைபிள் மிக அழகாகச் செய்திருக்கிறது: "நெருக்கத்திலிருந்து கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டேன்", அவர் கேட்டு என்னை "விசாலத்திலே வைத்தார்". 4-ஆம் சங்கீதம் இன்னும் நுட்பம். நெருக்கத்தில் இருந்தபோதே எனக்கு விசாலம் உண்டாக்கினீர் என்கிறது. வெளியே கொண்டுவந்ததாகச் சொல்லவில்லை. இடுக்குக்குள்ளேயே கொஞ்சம் இடம். மூச்சு விடுகிற அளவுக்கு. கூட்டமான பஸ்ஸில் யாரோ ஒருவர் தோளைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டால் நமக்குக் கிடைக்குமே, அந்த அளவு. பஸ் இன்னும் கூட்டமாகத்தான் இருக்கிறது, இறங்க வேண்டிய ஸ்டாப் இன்னும் தூரம்தான். தாக்குப்பிடிப்பதற்கு எபிரேயக் கவிதை வைத்திருக்கிற படிமம் பெரும்பாலும் இதுதான் என்று நான் நினைக்கிறேன், எஃகு மாதிரி இறுகுவது அல்ல, இடம் கிடைப்பது. (எகிப்துக்கு எபிரேயத்தில் மிட்ஸ்ராயிம் என்று பேர், அதையும் இந்த இடுக்கையும் சேர்த்துச் சிலேடையாக, எகிப்தைவிட்டு வருவது என்றால் இடுக்கைவிட்டு வருவது என்று யூத ஆசிரியர்கள் விளக்குவது வழக்கம்.)

அடுத்தது "நெஃபெஷ்". தமிழ் பைபிளில் பெரும்பாலும் "ஆத்துமா". நாம் ஆத்துமா என்றதும் உடம்பிலிருந்து பிரிந்து பறக்கிற ஏதோ ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். நெஃபெஷ் அப்படி இல்லை, அதற்கு உயிர் என்றும் அர்த்தம், தொண்டை, கழுத்து என்றும் அர்த்தம். 69-ஆம் சங்கீதத்தில் "வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது" என்று படிக்கும்போது கொஞ்சம் குழம்பும், ஆத்துமா வரைக்கும் எப்படித் தண்ணீர் வரும் என்று. கழுத்து வரைக்கும் என்று படித்துப் பாருங்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்கிறோமே, அதற்கு ஒரு சாண் முன்னால் நிற்கிற ஆள். இன்னும் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கிறது, கூப்பிட முடிகிறது. அதே பாட்டில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோனது என்றும் சொல்கிறார். மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோல என்று வருகிற 42-ஆம் சங்கீதத்திலும் தாகம் எடுப்பது இந்த நெஃபெஷுக்குத்தான். தாகம் தொண்டைக்குத்தானே.

"திக்வா" இன்னொன்று. நம்பிக்கை என்று அர்த்தம், இஸ்ரேலின் தேசிய கீதத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் யோசுவா புத்தகத்தில் எரிகோ நகரத்து ராகாப் ஜன்னலில் கட்டித் தொங்கவிடுகிற சிவப்பு நூற்கயிறு வருகிறதே, அந்தக் கயிற்றுக்கும் எபிரேயத்தில் இதே சொல். நம்பிக்கை என்பது மனசுக்குள் ஏற்படுகிற ஓர் உற்சாகம் என்று நினைத்துக்கொண்டு, அந்த உற்சாகம் வராதபோது நம்மை நாமே குறை சொல்லிக்கொள்கிறோம். கயிறு என்றால் விஷயம் வேறு. உற்சாகம் வேண்டாம், பிடி விடாமல் இருந்தால் போதும்.

42-ஐத் தொட்டதால் அதை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது 43-ஆம் சங்கீதத்தோடு சேர்ந்து ஒரே பாட்டாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே பல்லவி இரண்டிலுமாக மூன்று தடவை வருகிறது: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" தேவனை நோக்கிக் காத்திரு, நான் இன்னும் அவரைத் துதிப்பேன் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறார். பிரசங்கங்களில் இந்த வரியை மட்டும் தனியாக எடுத்துப் பேசுவார்கள், சுவரில் மாட்டுகிற வசன அட்டையிலும் இதுதான் இருக்கும். ஆனால் புத்தகத்தில் அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள். என் தேவனே, என் ஆத்துமா எனக்குள் கலங்குகிறது. அதாவது தைரியம் சொன்னார், வேலைக்கு ஆகவில்லை! மறுபடி ஆழம் ஆழத்தைக் கூப்பிடுகிறது, அலைகளும் திரைகளும் மேலே புரண்டு போகின்றன, உன் தேவன் எங்கே என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மறுபடி அதே பல்லவி. மறுபடி சரிகிறார். மூன்றாவது தடவை சொல்லும்போதுதான் பாட்டு நிற்கிறது, அப்போதும் ஜெயித்துவிட்டார் என்று நாம் சொல்லிவிட முடியாது. எனக்கு இந்தப் பாட்டு பிடிப்பதற்குக் காரணமே அந்த முதல் தடவை தோற்றுப்போவதுதான். "மனசைத் திடப்படுத்திக்கோ" என்று யாராவது சொன்னவுடனே திடப்படுத்திக்கொண்டவர் யார்?

கண்ணீரைப் பற்றி ஒரு வரி 56-ஆம் சங்கீதத்தில். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?" துருத்தி என்றதும் கொல்லன் பட்டறையில் காற்று ஊதுகிற துருத்தியை நினைத்துவிடாதீர்கள், தண்ணீரோ திராட்சரசமோ பாலோ ஊற்றி வைக்கிற தோல் பை அது. வறண்ட தேசத்தில் வழிப்போக்கர்கள் உயிரைக் கையில் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்வது. அதில் கடவுள் என் கண்ணீரைச் சேர்த்து வைக்கட்டும் என்கிறார். எபிரேயத்தில் இதில் ஒரு சொல்விளையாட்டும் இருக்கிறது, "என் அலைச்சல்" என்பது நோதி, "உம் துருத்தி" என்பது நோதெகா. அலைந்து அலைந்து அழுகிற ஆள், உயிர் போகிற அவசரத்தில் சிலேடை போடுகிறார். இது எப்படி முடிந்தது என்று யோசிப்பேன். கவிதை எழுதுவதே மூச்சுக்கான இடத்தை உண்டாக்குகிற வேலையாக இருந்திருக்கலாம்.

அப்படி நினைக்க வலுவான ஆதாரம் சங்கீதத்துக்கு வெளியே, பைபிளின் "புலம்பல்" புத்தகத்தில் இருக்கிறது. கி.மு. 586 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டு, பட்டினி போட்டு, உள்ளே புகுந்து, சாலொமோன் கட்டிய ஆலயத்தைக் கொளுத்தியது. ஜனங்களில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த அழிவைப் பற்றி ஐந்து பாடல்கள், எபிரேயத்தில் புத்தகத்தின் பெயர் "ஏகா", "ஐயோ, எப்படி!" என்கிற அதன் முதல் சொல்லே தலைப்பு. ஜனம் நிறைந்திருந்த நகரம் எப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறது, விதவை மாதிரி, என்று தொடங்குகிறது. ஆறுதல் சொல்ல ஆளில்லை என்பது முதல் பாட்டில் ஐந்து தடவை வருகிறது. நாலாவது பாட்டில், பால் குடிக்கும் குழந்தையின் நாக்கு தாகத்தால் மேல்வாயோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்குமேல் தாய்மார்களைப் பற்றி அதில் வருவதை நான் இங்கே எழுதவில்லை.

இவ்வளவு கோரத்தையும் எழுதியவர்கள் அதை எந்த வடிவத்தில் எழுதினார்கள் தெரியுமா? அகரவரிசையில். நம் ஆத்திசூடி "அறம் செய விரும்பு, ஆறுவது சினம்" என்று போகிறது இல்லையா, அதுபோல எபிரேயத்தின் 22 எழுத்துகளும் வரிசையாக ஒவ்வொரு வசனத்தின் முதலெழுத்தாக வரும். முதல் நான்கு பாட்டும் இப்படித்தான். நடுப்பாட்டில், அதாவது மூன்றாம் அதிகாரத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வசனம், ஆக 66. ஐந்தாவது பாட்டில் 22 வசனம் இருக்கிறது, எழுத்து வரிசை இல்லை, கண்ணாடி உடைந்து சன்னல் சட்டம் மட்டும் நிற்பதுபோல. ஊர் இடிந்தவர்களிடம் ஒழுங்காக மிஞ்சியிருந்தது எழுத்து வரிசை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று அது சொல்கிறது, அதோடு எங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. இது சின்ன விஷயம் கிடையாது, துக்கத்தில் இருப்பவர்களுக்கு நிறுத்தத் தெரிவதில்லை.

"காலைதோறும் புதியவைகள்" என்று தேவனுடைய இரக்கங்களைப் பற்றி ஒரு வரி எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பழைய பாமாலைகளிலும் புதிய பாட்டுகளிலும் அது வரும். அது இந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது, மூன்றாம் அதிகாரத்தில், கிட்டத்தட்ட புத்தகத்தின் நடு மையத்தில். முடிவில் இல்லை என்பதைப் பாருங்கள். சினிமா என்றால் கடைசி ரீலில் வைத்திருப்பார்கள். இங்கே அந்த வரிக்கு ஆறு வசனம் தள்ளி, வாயை மண்ணில் வைத்துக் கிடக்கட்டும், "ஒருவேளை" நம்பிக்கை இருக்கலாம் என்று குரல் இறங்குகிறது. எபிரேயத்தில் "ஊலாய்". ஒருவேளை. இன்னும் கொஞ்சம் தள்ளி, என் ஜெபம் உள்ளே நுழைய முடியாதபடி மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்கிறது. நம்பிக்கை நடுவில் ஒரு மேடு, அதில் ஏறி மறுபக்கம் இறங்கி மறுபடி இருட்டுக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. புத்தகம் முடிவது "எங்களை முற்றிலும் வெறுத்துவிட்டீரோ" என்கிற மாதிரி ஒரு கேள்வித்தொனியில்.

யூதர்கள் இதை வருஷத்துக்கு ஒருமுறை, யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 9-ஆம் நாள் தொடங்குகிற மாலையில் ஜெப ஆலயத்தில் வாசிப்பார்கள். கி.பி. 70-இல் ரோமர்கள், பின்னால் திரும்பக் கட்டிய இரண்டாம் ஆலயத்தை அழித்ததற்கும் அதே நாளில்தான் துக்கம். உபவாசம், தோல் செருப்பு போடுவதில்லை, விளக்கைக் குறைத்துவிட்டுத் தரையிலோ தாழ்ந்த முக்காலியிலோ உட்கார்ந்து, அதற்கென்று இருக்கிற ராகத்தில் ஏகா வாசிக்கப்படும். கடைசி வசனம் அவ்வளவு கசப்பாக இருப்பதால் அதை வாசித்த பிறகு அதற்கு முந்தின வசனத்தை, "எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும், எங்கள் நாட்களைப் பழையபடி புதுப்பியும்" என்பதை, எல்லோரும் சத்தமாக ஒருமுறை திரும்பச் சொல்லித்தான் முடிப்பார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. கசப்பான வரியை நீக்கவில்லை, மழுப்பவில்லை, அதை வாசித்தே ஆக வேண்டும். ஆனால் அதோடு எழுந்து வீட்டுக்குப் போக முடியாது என்பதும் தெரிந்திருக்கிறது.

கோபத்தைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த அறிமுகம் ஏமாற்றாகிவிடும். 137-ஆம் சங்கீதம். பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து சீயோனை, அதாவது எருசலேமை, நினைத்து அழுதோம். சிறைபிடித்தவர்கள், உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்கிறார்கள். யாழ் மாதிரி ஒரு நரம்பு வாத்தியம், எபிரேயத்தில் கின்னோர், தமிழ் பைபிளில் கின்னரம், காதுக்கு ஒன்றுபோலவே இருக்கிறது, அதை மரத்தில் மாட்டிவிட்டோம், அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவோம் என்கிறார்கள். பாட மாட்டோம் என்பதையே ஒரு பாட்டாகப் பாடிவிட்டார்கள், அது ஒரு தினுசான பிடிவாதம். 1970-களில் இந்த முதல் வரிகளை வைத்து ஒரு பாப் பாட்டு உலகமெல்லாம் ஓடியது, ஆட்டம் போட வைத்தது. பாட்டின் கடைசி வரிகளை அதில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் முடியாது. பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துப் பாறையில் மோதுகிறவன் பாக்கியவான் என்று முடிகிறது அந்தச் சங்கீதம். நான் இதற்குச் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் புரட்டுகிறது. தன் குழந்தைகளை அப்படிப் பறிகொடுத்தவர்கள் சொன்ன வார்த்தை என்று தெரிந்தும் புரட்டுகிறது. கோபத்தைக் கடவுள் முன்னால் கொட்டிவிட்டதால் கையால் செய்ய வேண்டியிருக்கவில்லை என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். அந்த வரி அங்கே இருப்பதால், கஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் கஷ்டத்தால் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று யாரும் இந்தப் புத்தகத்தை வைத்துச் சொல்ல முடியாது என்பது மட்டும் எனக்குத் தெளிவு.

இந்தப் பாடல்கள் நிஜ வாழ்க்கையில் என்ன செய்தன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது நாதன் ஷரான்ஸ்கியின் கதை. சோவியத் யூனியனில் யூதர்கள் வெளியேறும் உரிமைக்காகப் போராடியவர், 1977-இல் கைதுசெய்யப்பட்டு, துரோகம், உளவு என்று குற்றம் சாட்டப்பட்டு, ஒன்பது வருஷம் சிறையிலும் முகாமிலும் இருந்தார். மனைவி அவித்தால் கொடுத்த உள்ளங்கை அளவு எபிரேயச் சங்கீதப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய எபிரேயம் அப்போது அரைகுறைதான். அதைப் பிடுங்கினார்கள், திரும்பக் கேட்டுச் சண்டை போட்டார், கிடைத்தது, மறுபடி பிடுங்கினார்கள். 1986 பிப்ரவரியில் விடுதலைக்காக விமானத்தில் ஏற்றப் போகும்போது அந்தப் புத்தகம் கையில் இல்லை. கொடுத்தால்தான் வருவேன் என்று பனித்தரையில் விழுந்து படுத்துவிட்டார். கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் விடுதலைக்குக் காத்திருந்தவர், அது வாசலில் வந்து நிற்கும்போது, ஒரு சின்னப் புத்தகத்துக்காகத் தரையில் படுக்கிறார். கயிறு என்று சொன்னேனே, அதுதான்.

88-க்குத் திரும்புவோம். அதில் நல்ல வரியே இல்லை என்று சொன்னேன், முழுக்கச் சரி இல்லை. முதல் வரியில் "என் ரட்சிப்பின் தேவனே" என்று கூப்பிடுகிறார். அப்புறம் முழுக்க இருட்டுதான், ஆனால் நடுநடுவே மூன்று இடத்தில் தான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதைச் சொல்கிறார்: இரவும் பகலும் கதறுகிறேன், தினமும் கூப்பிடுகிறேன், காலையில் என் விண்ணப்பம் உம் முன்னே வரும். பதில் இல்லை என்று தெரிந்தும் மறுநாள் காலையில் போய் நிற்கிறவர். கோபித்துக்கொண்டு பேச்சை முறித்துவிட்டவர்கள் இவ்வளவு நீளமாகத் திட்ட மாட்டார்கள், நம் வீடுகளில் பார்த்திருப்போமே. திட்டு இருக்கிற வரைக்கும் உறவு இருக்கிறது. பேச்சு நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும்.

படிக்க ஆரம்பிப்பதென்றால் 13-இல் தொடங்குங்கள், பிறகு 42-ஐயும் 43-ஐயும் ஒரே பாட்டாகச் சேர்த்து, பிறகு 130. 130-இல் விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரர் வருவார், எபிரேயத்தில் அந்தச் சொற்றொடரை அப்படியே இரண்டு தடவை சொல்லியிருக்கிறது, இராக்காவல் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது தடவை எதற்கென்று தெரியும். இடையிடையே "சேலா" என்று ஒரு சொல் தனியாக நிற்கும், சங்கீதங்களில் 71 இடத்தில் வருகிறது, இசைக் குறிப்பாக இருக்கலாம் என்கிறார்கள், நிச்சயமான அர்த்தம் யாருக்கும் தெரியாது. அங்கே நான் ஒரு மூச்சு நிறுத்திக்கொள்வேன். வாயைத் திறந்து சத்தமாக வாசியுங்கள், மனதுக்குள் வாசித்தால் அந்த இரண்டாம் அடி இறுக்குவது தெரியாது. 88-ஐ மட்டும் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டாம், பக்கத்து அறையிலாவது யாராவது இருக்கட்டும்.